மின்னஞ்சலில் பேட்ச் அனுப்புவது எப்படி: முதல்முறை அனுப்புபவர்களுக்கான வழிகாட்டி

லினக்ஸ் கெர்னல், கிட் (நிரலின் பதிப்புகளைக் காக்கும் கருவி), கியூஇமு, யு-பூட் போன்ற திட்டங்களுக்கு ஒரு நிரல் திருத்தம், அதாவது ‘பேட்ச்’, கொடுக்க வேண்டுமென்றால் மின்னஞ்சல்தான் பிரதான வழி. இணையதளத்தில் ‘புல் ரிக்வெஸ்ட்’ திறந்து பழகியவர்கள் இங்கே வந்தால் நிரலில் தடுமாறுவதில்லை, அனுப்புவதில்தான் தடுமாறுகிறார்கள். எனக்கும் திருத்தத்தை எழுதியதைவிட, அதை எழுத்து மாறாமல் போய்ச் சேர வைக்கத்தான் அதிக உழைப்பு தேவைப்பட்டது. தேவையான தகவல்கள் ஒரே இடத்தில் கிடைக்காததால் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகளுக்கெல்லாம் காரணம் தெரிந்துவிடும். திட்டத்துக்கு வரும் திருத்தங்களை ஏற்கும் பராமரிப்பாளர் உங்கள் மடலைப் பார்த்துக் கையால் நகலெடுக்கப் போவதில்லை. மடலையே ஒரு கோப்பாகச் சேமித்து ‘கிட் ஏஎம்’ என்ற கட்டளைக்குக் கொடுப்பார். மடலின் பொருள் வரி கமிட்டின் (கிட்டில் பதிவாகும் ஒரு மாற்றத்தின்) தலைப்பாகும், உடல் பகுதி விளக்கமாகும், அதன் கீழே உள்ள டிஃப் (மாறிய வரிகளின் பட்டியல்) நிரலாகும். வழியில் டேப்கள் ஸ்பேஸாக மாறினாலோ, நீளமான வரி இரண்டாக மடிந்தாலோ பேட்ச் பதியாது. பதியாத பேட்சைப் பொறுமையாகச் சரிசெய்து ஏற்றுக்கொள்ள யாருக்கும் நேரம் இருக்காது.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்பின்படி தந்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

1. அந்தத் திட்டம் எதை எதிர்பார்க்கிறது என்று பாருங்கள்

எல்லாத் திட்டங்களும் ஒரே மாதிரி இல்லை. கெர்னலும் கிட் திட்டமும் பேட்சை மடலின் உடலிலேயே கேட்கின்றன, இணைப்பாக அனுப்பினால் முகம் சுளிப்பார்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் திட்டத்தில் நேர்மாறு: அங்கே பேட்சை இணைப்பாக அனுப்புவதுதான் வழக்கம், அப்புறம் மதிப்பாய்வுக்கான ‘கமிட்ஃபெஸ்ட்’ பட்டியலிலும் பதிய வேண்டும். ரெப்போவுக்குள் (திட்டத்தின் நிரல் தொகுப்புக்குள்) ‘சப்மிட்டிங் பேட்சஸ்’ அல்லது ‘கான்ட்ரிபியூட்டிங்’ என்ற பெயரில் ஓர் ஆவணம் இருக்கும். அரை மணி நேரம் ஒதுக்கி அதை முழுதாகப் படித்துவிடுங்கள்.

படிக்கும்போதே இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கிளையின் மேல் வேலை செய்ய வேண்டும்? அஞ்சல் குழுவில் உறுப்பினராகாமலே மடல் அனுப்பலாமா? கெர்னலின் குழுக்களுக்கு உறுப்பினராக வேண்டியதில்லை. வேறு சில இடங்களில் உறுப்பினர் அல்லாதவரின் முதல் மடல் ஒருவரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும், அதற்கு ஓரிரு நாள் ஆகலாம். இது தெரியாமல் ‘போகவில்லை போல’ என்று மறுபடி மறுபடி அனுப்புபவர்கள் நிறைய.

2. சரியான மின்னஞ்சல் கணக்கைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். பின்னால் வரும் பாதித் தொல்லைகள் கணக்கைப் பொறுத்தவை.

முதலில், நீங்கள் பயன்படுத்தும் பெயரும் முகவரியும் பொது ஆவணக் காப்பகத்தில் நிரந்தரமாக நிற்கும், கமிட் வரலாற்றிலும் நிற்கும். பிறகு அழிக்கச் சொல்லிக் கேட்க வழியில்லை. நீண்ட காலம் வைத்திருக்கப் போகும் முகவரியாகப் பார்த்துக் கொடுங்கள்.

அலுவலக முகவரியைக் கூடுமானவரை தவிருங்கள். பல நிறுவனங்களின் அஞ்சல் சர்வர்கள் வெளியே போகும் ஒவ்வொரு மடலின் அடியிலும் ‘இது ரகசியமானது’ என்ற வாசகத்தை ஒட்டுகின்றன. பொதுக் குழுவுக்கு வரும் பேட்சின் அடியில் அப்படி ஒரு வாசகம் இருந்தால் பராமரிப்பாளர்கள் அதைத் தொட மாட்டார்கள். சில சர்வர்கள் மடலை எச்டிஎம்எல் ஆக மாற்றிவிடும், டேப்களைத் தின்றுவிடும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரண்டுமே நடந்தன. தகவல் தொழில்நுட்பப் பிரிவில் சொல்லிப் பார்த்தும் பலனில்லை. அலுவலக வேலைக்காகவே பேட்ச் அனுப்புகிறீர்கள் என்றால் வெளியிலிருந்து அனுப்பிவிட்டு, கமிட்டின் ஆசிரியர் முகவரியை மட்டும் அலுவலக முகவரியாக வைக்கலாம். அனுப்புபவரும் ஆசிரியரும் வேறாக இருந்தால், மடலின் உடலில் முதல் வரியாக ‘ஃப்ரம்:’ என்று ஆசிரியர் பெயரை கிட்டின் சென்ட்-இமெயில் என்ற அனுப்பும் கருவியே சேர்த்துவிடும். பதியும்போது சரியான பெயரே வரும்.

செலவைப் பொறுத்தவரை, பொதுவாகக் காசு தேவையில்லை. ஆனால் எல்லா இலவசக் கணக்குகளும் எஸ்எம்டிபி (வெளிக் கருவியிலிருந்து மடல் அனுப்பும் முறை) வழியாக அனுப்ப விடும் என்று சொல்ல முடியாது. புரோட்டான் மெயிலில் அதற்குக் கட்டணத் திட்டம் வேண்டும். டூட்டாவில் எஸ்எம்டிபி வசதியே இல்லை. அவுட்லுக் தனிநபர் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டால் உள்நுழைவது 2024 செப்டம்பரோடு நிறுத்தப்பட்டது. இப்போது ஓஆத்2 என்ற டோக்கன் வழி உள்நுழைவு வேண்டும், அதை அமைப்பது புதியவருக்குக் கொஞ்சம் கடினம்.

ஜிமெயில் வேலை செய்கிறது. ஆனால் உங்கள் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது. முதலில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். பிறகு கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ‘ஆப் பாஸ்வேர்டு’ ஒன்றை உருவாக்குங்கள். 16 எழுத்துகளில் வரும், நடுவில் தெரியும் இடைவெளிகளை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் பயன்படுத்துங்கள். அது ஒரே ஒரு முறைதான் காட்டப்படும். கணக்கின் முதன்மை பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் செல்லாமல் போய்விடும். நேற்றுவரை வேலை செய்தது திடீரென்று ‘535’ என்று பிழை காட்டினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

3. கருவியை நிறுவி அமையுங்கள்

கிட் இருந்தாலும் சென்ட்-இமெயில் இருக்கும் என்று சொல்ல முடியாது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா மூன்றிலும் ‘கிட்-இமெயில்’ என்ற தனிப் பொதியாக வருகிறது. ‘சென்ட்-இமெயில் என்பது கிட் கட்டளை அல்ல’ என்று டெர்மினல் சொன்னால் இதுதான் விஷயம். விண்டோஸுக்கான கிட்டில் கூடவே வந்துவிடுகிறது. மேக்கில் ஹோம்புரூ வழியாக கிட்டை நிறுவிக்கொள்வது எளிது. உள்ளே இது பெர்ல் நிரல் என்பதால், அமைப்பைப் பொறுத்துச் சில பெர்ல் தொகுப்புகள் இல்லை என்று புகார் வரலாம். பிழைச் செய்தியில் வரும் தொகுப்பின் பெயரை அப்படியே நிறுவினால் போதும்.

கிட் கான்ஃபிக்கில் ‘சென்ட்இமெயில்’ பிரிவின் கீழ் நான்கு மதிப்புகள் வேண்டும்: சர்வரின் பெயர், போர்ட், என்கிரிப்ஷன் வகை, பயனர் பெயர். இங்கே ஒரு பொறி இருக்கிறது. போர்ட் 587 என்றால் என்கிரிப்ஷன் ‘டிஎல்எஸ்’ என்று இருக்க வேண்டும். போர்ட் 465 என்றால் ‘எஸ்எஸ்எல்’ என்று இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் இணைப்பு கிடைக்காமல் தொங்கும், அல்லது புரியாத ஒரு பிழையோடு நிற்கும். பிழைச் செய்தியை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பாஸ்வேர்டை கான்ஃபிக் கோப்பில் எழுதாதீர்கள். அந்தக் கோப்பு வெறும் உரை. கான்ஃபிக் கோப்புகளைப் பொது ரெப்போவில் வைக்கும் பழக்கம் இருந்தால் பாஸ்வேர்டும் வெளியே போய்விடும். எழுதாமல் விட்டால் கருவி உங்களிடம் கேட்கும், அல்லது பாஸ்வேர்டைச் சேமித்துத் தரும் கிட்டின் ‘கிரெடென்ஷியல் ஹெல்பர்’ வழியாக எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் ‘சென்ட்இமெயில்.கன்ஃபர்ம்’ மதிப்பை ‘ஆல்வேஸ்’ என்று வையுங்கள். ஒவ்வொரு மடலுக்கும் முன் உங்களிடம் கேட்டுவிட்டே அனுப்பும். அனுப்பிய மடலைத் திரும்ப எடுக்க முடியாத இடத்தில் இது அவசியமான பாதுகாப்பு.

4. கமிட்டை ஒழுங்காக எழுதுங்கள், கையொப்ப வரியைச் சேருங்கள்

ஒரு பேட்சில் ஒரு மாற்றம் மட்டும். பிழைத் திருத்தமும், பெயர் மாற்றமும், இடைவெளி சரிசெய்தலும் ஒன்றாக வந்தால் பிரித்து அனுப்பச் சொல்லித் திரும்பும். தலைப்பு வரியின் தொடக்கத்தில் துணை அமைப்பின் பெயர், பிறகு ஒரு முக்காற்புள்ளி, பிறகு என்ன செய்கிறது என்பது. சரியான முன்னொட்டு எது என்று யோசிக்க வேண்டாம், அதே கோப்பின் பழைய கமிட்களை ‘கிட் லாக் --ஒன்லைன்’ போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். கெர்னலில் தலைப்பு 70 முதல் 75 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும், விளக்கத்தின் வரிகள் 75 எழுத்துகளில் மடிக்கப்பட வேண்டும். விளக்கத்தில் ‘என்ன மாற்றினேன்’ என்பதைவிட ‘ஏன் மாற்றினேன்’ என்பதை எழுதுங்கள். என்ன என்பது டிஃபிலேயே தெரிகிறது.

பழைய கமிட் ஒன்றால் வந்த பிழையைத் திருத்துகிறீர்கள் என்றால் கெர்னலில் ‘ஃபிக்ஸஸ்:’ என்ற வரி வேண்டும். அந்தக் கமிட்டின் அடையாளத்தில் குறைந்தது முதல் 12 எழுத்துகளும், அதன் தலைப்பும் அதில் வர வேண்டும்.

இனி ஆவணம் பற்றி. ‘சைன்ட்-ஆஃப்-பை:’ என்ற வரியை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். இந்த நிரலைத் தர எனக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் கொடுக்கும் சான்று அது. அதன் பின்னால் ‘டெவலப்பர் சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின்’ என்ற சிறிய ஆவணம் இருக்கிறது, படிக்க இரண்டு நிமிடம் போதும், படித்துவிட்டே கையொப்பமிடுங்கள். கமிட் செய்யும்போது ‘-எஸ்’ (சிறிய எழுத்தில்) கொடுத்தால் வரி தானாகச் சேரும். அது இல்லாத பேட்சை கெர்னல், கிட், கியூஇமு மூன்றுமே ஏற்காது. வேலையில் இருப்பவர்கள், ஓய்வு நேரத்தில் எழுதும் நிரலும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று தங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் எழுத்து மூலமான அனுமதியை முதலிலேயே வாங்குங்கள். பேட்ச் ஏற்கப்படும் நேரத்தில் அனுமதி கேட்டு அலைவது கொடுமை.

சில திட்டங்கள் இதற்கு மேலும் கேட்கும். ஜிசிசி கம்பைலர் திட்டத்தில் ஒரு காலத்தில் பதிப்புரிமையை எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். 2021 முதல் கையொப்ப வரியே போதும் என்ற வழியும் வந்துவிட்டது. பதிப்புரிமைப் பத்திரம் கேட்கும் திட்டமாக இருந்தால் அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், நிரலை எழுதத் தொடங்கும்போதே அதையும் தொடங்கிவிடுங்கள்.

5. பேட்ச் கோப்புகளை உருவாக்குங்கள்

கடைசி மூன்று கமிட்களை அனுப்ப வேண்டும் என்றால்:

கிட் ஃபார்மேட்-பேட்ச் -3 --கவர்-லெட்டர் --பேஸ்=ஆட்டோ -ஓ வி1

‘வி1’ என்ற கோப்புறைக்குள் கோப்புகள் வந்து சேரும். ஒரே ஒரு பேட்ச் என்றால் கவர் லெட்டர் (தொடரின் அறிமுக மடல்) தேவையில்லை. இரண்டுக்கு மேல் போனால் எழுதுங்கள்: தொடரின் நோக்கம் என்ன, எதில் சோதித்தீர்கள், எந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது. பேஸ் தேர்வு, உங்கள் பேட்ச் எந்தக் கமிட்டின் மேல் எழுதப்பட்டது என்பதை மடலின் அடியில் பதிவுசெய்யும். உங்கள் கிளைக்கு அப்ஸ்ட்ரீம் கிளை (அது பின்தொடரும் மூலக் கிளை) அமைக்கப்பட்டிருந்தால்தான் ‘ஆட்டோ’ வேலை செய்யும்.

கோப்பைத் திறந்தால் முதல் வரியில் 2001 செப்டம்பர் 17 என்று ஒரு தேதி இருக்கும். பயப்பட வேண்டாம். ஃபார்மேட்-பேட்ச் உருவாக்கிய எல்லாக் கோப்புகளிலும் அதே தேதிதான், இது கிட் உருவாக்கிய பேட்ச் என்பதற்கான அடையாளம் அது. உண்மையான தேதி கீழே தனி வரியில் இருக்கும்.

ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் கோப்புறை வையுங்கள். கோப்புறையின் பெயரைக் கொடுத்து அனுப்பச் சொன்னால் சென்ட்-இமெயில் அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும் அனுப்பும். பழைய பதிப்பின் கோப்புகள் அங்கே கிடந்தால் அவையும் சேர்ந்தே போகும்.

கெர்னல் என்றால் நடைப் பிழைகளைச் சொல்லும் ‘செக்பேட்ச்’ நிரலை இந்தக் கோப்புகளின் மேல் ஓட்டுங்கள். அது சொல்லும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பதில்லை, ஆனால் ‘எரர்’ என்று வருபவற்றை விட்டுவைக்காதீர்கள்.

6. யாருக்கு அனுப்புவது

கெர்னலில் ‘கெட்_மெயின்டெய்னர்’ என்ற நிரலுக்குப் பேட்ச் கோப்பைக் கொடுத்தால் பராமரிப்பாளர்கள், மதிப்பாய்வாளர்கள், அஞ்சல் குழுக்கள் எல்லாம் பட்டியலாக வரும். பராமரிப்பாளரை ‘டு’ வரியிலும், குழுக்களையும் மற்றவர்களையும் ‘சிசி’ வரியிலும் போடுங்கள். பட்டியல் மிக நீளமாக வந்தால், எப்போதோ அந்தக் கோப்பில் ஒரு வரி மாற்றியவர்களும் அதில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் எல்லோரும் தேவையில்லை. ஆனால் குழுவை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். தனிமடலாகப் போன பேட்சைப் பலர் பார்ப்பதே இல்லை.

7. உங்களுக்கே அனுப்பிச் சோதியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். கணக்கு, சர்வர், என்கோடிங், வரி மடிப்பு என்று எத்தனை இடங்களில் கெட்டுப்போகலாமோ அத்தனையையும் இந்த ஒரு சோதனை பிடித்துவிடும். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும், அப்புறம் ஐந்து நிமிட வேலை.

வேறொரு நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்துக்குள் அனுப்பினால் மடல் வெளி உலகத்தைப் பார்ப்பதே இல்லை, அதனால் சோதனை அரைகுறையாகிவிடும். பிறகு:

கிட் சென்ட்-இமெயில் --சப்ரஸ்-சிசி=ஆல் --டு=உங்கள் இரண்டாவது முகவரி வி1

சப்ரஸ்-சிசி என்ற தேர்வை மறந்துவிடாதீர்கள். கமிட் விளக்கத்தில் ‘சைன்ட்-ஆஃப்-பை’, ‘ரிவ்யூட்-பை’, ‘சிசி’ என்று இருக்கும் முகவரிகளுக்கெல்லாம் சென்ட்-இமெயில் தானாகவே ஒரு படியைச் சேர்த்துவிடும். நீங்கள் உங்களுக்கு அனுப்புவதாக நினைத்துக்கொண்டிருக்க, பராமரிப்பாளரின் பெட்டியில் சோதனை மடல் போய் விழும். இதற்கும் முன்னால் ஒருமுறை ‘--டிரை-ரன்’ (உண்மையில் அனுப்பாத ஒத்திகை) போட்டு, பெறுநர் பட்டியலில் உங்கள் முகவரி மட்டும்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

மடல் வந்து சேர்ந்ததும் அதைத் திறந்து படிப்பது போதாது. திரையில் சரியாகத் தெரியும் மடல் உள்ளே உடைந்திருக்கலாம். மூல வடிவத்தை எடுங்கள். பெரும்பாலான மின்னஞ்சல் தளங்களில் ‘மூலத்தைக் காட்டு’ என்ற வசதி இருக்கும், அதிலிருந்து கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். நிரலை நகலெடுத்து ஒட்டிச் சேமிக்காதீர்கள், அப்படிச் செய்தால் நீங்கள் சோதிப்பது அந்த நகலைத்தான், மடலை அல்ல.

இனி, எந்தக் கமிட்டின் மேல் நீங்கள் வேலையைத் தொடங்கினீர்களோ அங்கிருந்து ஒரு புதிய கிளை தொடங்கி, சேமித்த கோப்புகளை வரிசையாக ‘கிட் ஏஎம்’ கட்டளைக்குக் கொடுங்கள். கவர் லெட்டரை விட்டுவிடுங்கள், அதில் நிரல் இல்லை. பதிந்துவிட்டதா? உங்கள் பழைய கிளையோடு ‘கிட் டிஃப்’ போட்டுப் பாருங்கள். ஒரு வரிகூட வரக் கூடாது. பிறகு ‘கிட் லாக்’ போட்டு ஆசிரியர் பெயர், தலைப்பு, விளக்கம் மூன்றும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். பெயரில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் இருந்தால் இந்த இடத்தில்தான் அவை கெட்டுப்போனது தெரியும். அனுப்பும்போது எந்த என்கோடிங் என்று கருவி கேட்டால் யுடிஎஃப்-8 என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பதியவில்லை என்றால் வரும் செய்தியே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும். ‘கரப்ட் பேட்ச்’ என்று ஒரு வரி எண்ணோடு வந்தால் எங்கோ வரி மடிந்திருக்கிறது. ‘பேட்ச் டஸ் நாட் அப்ளை’ என்று வந்தால் இரண்டில் ஒன்று: டேப்கள் ஸ்பேஸாகிவிட்டன, அல்லது நீங்கள் தவறான கமிட்டின் மேல் நின்று முயல்கிறீர்கள். மூலக் கோப்பை அசல் பேட்ச் கோப்போடு ‘டிஃப்’ போட்டால் எது என்று தெரிந்துவிடும். ‘கிட் ஏஎம் --அபார்ட்’ கொடுத்துத் திரும்பி வந்து, கணக்கையோ அமைப்பையோ மாற்றி மறுபடி முயலுங்கள்.

சோதிக்கும்போது ‘கிட் ஏஎம்’ கட்டளையில் ‘-3’ (மும்முனை இணைப்பு) அல்லது இடைவெளியைப் பொருட்படுத்தாத தேர்வுகளைச் சேர்க்காதீர்கள். அவை சேதத்தை மறைத்துவிடும். மிகக் கறாரான பராமரிப்பாளரின் இடத்தில் எது பதியுமோ அதுதான் நமக்கு வேண்டும்.

மின்னஞ்சல் செயலியில் பேட்சை ஒட்டி அனுப்பலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். எளிய உரை என்று அமைத்தாலும், வரிகளை மடிக்கும் பழக்கம் அந்தச் செயலிகளின் உள்ளேயே இருக்கிறது. ஒருமுறை சரியாகப் போனாலும் அடுத்த முறை போகும் என்று நம்ப முடியாது.

8. இப்போது அனுப்புங்கள்

முகவரிகளை ‘--டு’, ‘--சிசி’ தேர்வுகளில் கொடுத்து மறுபடியும் ஒரு டிரை-ரன். பட்டியலை நிதானமாகப் படியுங்கள். கவர் லெட்டரில் பெரிய எழுத்தில் இருக்கும் ‘சப்ஜெக்ட் ஹியர்’, ‘பிளர்ப் ஹியர்’ என்ற இரண்டையும் மாற்றிவிட்டீர்களா? தலைப்பை மாற்றாவிட்டால் கருவியே அனுப்ப மறுக்கும். பிறகு டிரை-ரன்னை நீக்கி அதே கட்டளையை ஓட்டுங்கள்.

ஜிமெயில் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: நீங்கள் குழுவுக்கு அனுப்பிய மடல் குழு வழியாகத் திரும்பி உங்கள் இன்பாக்ஸுக்கு வராது, ஏற்கெனவே அனுப்பிய மடலின் நகல் என்று ஜிமெயில் ஒதுக்கிவிடும். வந்ததா என்று பார்க்க வேண்டிய இடம் குழுவின் இணையக் காப்பகம். கெர்னல் குழுக்களுக்கு லோர்.கெர்னல்.ஆர்க் தளத்தில் வழக்கமாகச் சில நிமிடங்களில் தெரியும். அங்கே இல்லையென்றால், ‘ஏற்க முடியவில்லை’ என்று ஏதாவது திரும்பி வந்திருக்கிறதா என ஸ்பேம் பெட்டியையும் சேர்த்துப் பாருங்கள்.

நீளமான தொடரில் பாதியில் இணைப்பு அறுந்தால்? எட்டில் நான்கு போய்விட்டது என்றால் எட்டையும் மறுபடி அனுப்பாதீர்கள். டெர்மினலில் ஓடிய வெளியீட்டில் கவர் லெட்டரின் மெசேஜ்-ஐடி (மடலின் தனி அடையாளம்) இருக்கும், காப்பகத்திலும் இருக்கும். மீதி நான்கு கோப்புகளை மட்டும் ‘--இன்-ரிப்ளை-டு’ தேர்வில் அந்த ஐடியைக் கொடுத்து, கூடவே ‘--நோ-திரெட்’ சேர்த்து அனுப்புங்கள். நோ-திரெட் இல்லாவிட்டால் முதல் கோப்பு மட்டும் கவர் லெட்டரின் கீழே அமரும், மற்றவை அந்த முதல் கோப்பின் கீழே போய்விடும். மடல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கும் சர்வர் என்றால் ‘எஸ்எம்டிபிபேட்ச்சைஸ்’, ‘எஸ்எம்டிபிரீலாகின்டிலே’ என்ற இரண்டு அமைப்புகளால் சில மடல்களுக்கு ஒருமுறை இடைவெளி விடச் செய்யலாம்.

எஸ்எம்டிபியோடு போராடவே முடியவில்லை என்றால், கெர்னல் பேட்சுகளுக்கு ‘பி4’ என்ற கருவி இருக்கிறது. பைத்தானில் எழுதப்பட்டது. எஸ்எம்டிபி இல்லாமலே கெர்னல்.ஆர்க் வழங்கும் இணைய வாயில் வழியாக அனுப்பும், பெறுநர்களைத் தானே சேகரிக்கும். ‘பி4 சென்ட் --ரிஃப்ளெக்ட்’ என்றால் மடல் உங்களுக்கு மட்டும் வரும், அதாவது ஏழாம் படியின் சோதனை. தொடர்ந்து கெர்னலுக்கு எழுதப் போகிறவர்கள் நேராக இதையே பழகலாம் என்பது என் கருத்து.

9. எவ்வளவு நாள் காத்திருப்பது

கெர்னலின் ஆவணம் சொல்வது, பதில் வர வழக்கமாக இரண்டு மூன்று வாரம் ஆகலாம், நினைவூட்டக் குறைந்தது ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். ஒரு வெளியீடு வந்ததும், அடுத்ததற்கான மாற்றங்களைச் சேர்க்கும் ‘மெர்ஜ் விண்டோ’ இரண்டு வாரம் திறந்திருக்கும். அப்போது பராமரிப்பாளர்கள் மூச்சுமுட்டும் வேலையில் இருப்பார்கள். நெட்வொர்க் பிரிவு அந்த இரண்டு வாரமும் புதிய அம்சங்களுக்கான பேட்சுகளை வாங்குவதே இல்லை. அனுப்பும் நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அது மூடி ‘ஆர்சி1’ என்ற முதல் சோதனை வெளியீடு வந்த பிறகு அனுப்புங்கள்.

நினைவூட்டுவது என்றால், உங்கள் மடலுக்கே எல்லோருக்கும் பதிலாக ஓரிரு வரி எழுதினால் போதும்.

10. பதில் வந்த பிறகு

எப்போதும் ‘எல்லோருக்கும் பதில்’. எளிய உரையில். அவர்கள் எழுதிய வரியை மேலே விட்டு, அதன் கீழேயே உங்கள் பதிலை எழுதுங்கள், சம்பந்தமில்லாத பகுதிகளை வெட்டிவிடுங்கள். மொத்த மடலையும் கீழே தொங்கவிட்டு மேலே பதில் எழுதுவதை இந்தக் குழுக்களில் யாரும் விரும்புவதில்லை. சொன்ன ஒவ்வொரு குறைக்கும் பதில் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் காரணத்தோடு சொல்லலாம், அதில் தவறில்லை. பதில் சொல்லாமல் புதிய பதிப்பை அனுப்புவதுதான் ஆளைக் கோபப்படுத்தும்.

இரண்டாம் பதிப்புக்கு அவசரம் வேண்டாம். ஒருவர் காலையில் ஒரு குறை சொல்வார், இன்னொருவர் இரவில் வேறொன்றைச் சொல்வார். நெட்வொர்க் பிரிவில் 24 மணி நேரத்துக்குள் மறுபதிப்பு அனுப்பக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி. தொடரில் 15 பேட்சுக்கு மேல் போகக் கூடாது என்பதும் அங்கே உண்டு. மற்ற இடங்களிலும் இரண்டு மூன்று நாள் விடுவது நல்லது.

ஃபார்மேட்-பேட்சில் ‘-வி2’ கொடுத்தால் பொருள் வரியில் பதிப்பு எண் வந்துவிடும். முந்தைய பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதை, கமிட் விளக்கத்தில் எழுதாமல், பேட்ச் கோப்பில் மூன்று கோடுகள் (---) உள்ள வரிக்குக் கீழே எழுதுங்கள். அந்த வரிக்கும் டிஃபுக்கும் இடையே இருப்பதை ‘கிட் ஏஎம்’ தூக்கி எறிந்துவிடும், அதனால் மதிப்பாய்வாளருக்குத் தெரியும், வரலாற்றில் நிற்காது. யாராவது ‘ரிவ்யூட்-பை’ கொடுத்திருந்தால் அந்த வரியை மறக்காமல் எடுத்துச் சேருங்கள். பேட்ச் பெரிதாக மாறியிருந்தால் மட்டும் அதை நீக்கிவிட்டு, நீக்கியதையும் சொல்லிவிடுங்கள்.

புதிய பதிப்பைப் பழைய மடலுக்குப் பதிலாக அனுப்புவதா, தனியாக அனுப்புவதா? கெர்னலில் தொடராக இருந்தால் தனித் திரியாக அனுப்பி, பழையதன் இணைய முகவரியை உள்ளே குறிப்பிடுவார்கள். கிட் திட்டத்தில் முதல் பதிப்பின் கவர் லெட்டருக்குப் பதிலாக அனுப்பச் சொல்வார்கள். முதல் படியில் படித்த ஆவணத்தை இங்கே மறுபடி ஒருமுறை பாருங்கள்.

ஏற்கப்பட்டால் ‘அப்ளைட்’ என்று ஒரு மடல் வரும், சில இடங்களில் அதைத் தானியங்கி அனுப்பும். கெர்னலில் அது முதலில் அந்தப் பிரிவின் கிளைக்குப் போய், அடுத்த மெர்ஜ் விண்டோவில்தான் முதன்மைக் கிளைக்குச் செல்லும். அவசரப் பிழைத் திருத்தம் என்றால் அதற்கு முன்பே போகலாம். அதற்குப் பிறகும் உங்கள் பேட்சால் ஏதாவது உடைந்தால் புகார் அதே முகவரிக்குத்தான் வரும், அதனால் அந்தப் பெட்டியைத் தொடர்ந்து பாருங்கள். முகவரியை மாற்ற நேர்ந்தால் ரெப்போவில் இருக்கும் ‘.மெயில்மேப்’ கோப்பில் பழையதையும் புதியதையும் இணைத்து ஒரு வரி சேர்க்கும் பேட்சை அனுப்பிவிடுங்கள்.